பட்டணத்தார் மேல் ஒட்டிய பெயர்கள்: மூன்று பெருநகரங்களும் தலைவர்களின் வாய்ச்சொல்லும்

பலமனேரிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்படுபவருக்கு மூன்று பெருநகரங்கள் உண்டு. மேற்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் பெங்களூரு, கிழக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் சென்னை, வடக்கே 500 கி.மீ.க்கு அப்பால் ஹைதராபாத். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மொகிலி மலைப்பாதை ஏறி முடிந்து மைசூர் பீடபூமி தொடங்கும் இடத்தில், சுமார் 2,200 அடி உயரத்தில் இவ்வூர் இருக்கிறது. பழைய சென்னை–பெங்களூரு சாலை இதன் வழியாகவே சென்றது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 54 ஆயிரம் அளவில் இருந்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் இங்கே புழங்குகின்றன.

இந்த வட்டாரத்தின் கடந்த காலத்தைப் பின்தொடர்ந்தால், பெருநகரத்தாரைப் பற்றிய பொதுமுத்திரைகள் எப்படிப் பிறந்தன, அரசியல் தலைவர்கள் அவற்றை எப்படிக் கையாண்டு சிக்கலில் மாட்டினார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. காரணம், சித்தூர்ப் பகுதி ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று மாநில அமைப்புகளின் கீழ் இருந்தது. மூன்று நகரங்களிலும் இங்கிருந்து போனவர்கள் 'வெளியூர்க்காரர்' என்ற பெயரைச் சுமந்தார்கள். நகரத்தின் மேல் சொல்லப்படும் பழி பெரும்பாலும் நகரத்துக்குள் வந்து குடியேறியவர் மேல்தான் விழும் என்பதை இவ்வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

சந்திரகிரி ஆட்சியில் பிறந்த பட்டணம்

சென்னை வந்தேறிகள் கட்டிய நகரம். 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடற்கரையில் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை பெற்றார். அந்த நாயக்கர், சந்திரகிரியில் இருந்து ஆண்ட விஜயநகரத்தின் கடைசி அரச மரபுக்குக் கட்டுப்பட்டவர். சந்திரகிரிக் கோட்டை இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயர் ஊருக்கு வைக்கப்பட்டது.

கோட்டையைச் சுற்றிக் குடியேறிய நெசவாளர்கள், சாயக்காரர்கள், வணிகர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்தும் தெலுங்குப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். வெள்ளையர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் பட்டணம், மற்றவர் வாழ்ந்த பகுதி கறுப்பர் பட்டணம் என்று தோல் நிறத்தை வைத்தே ஊர் பிரிக்கப்பட்டது. கறுப்பர் பட்டணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜார்ஜ் டவுன் ஆனது. பட்டணத்தாரை வகைப்படுத்தி முத்திரை குத்தும் பழக்கம் நகரத்தின் வரைபடத்திலேயே இருந்தது எனலாம்.

கம்பெனிக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே பேசிக் காரியம் முடித்த துபாஷிகள் இந்நகரத்தின் முதல் பெரும்பணக்காரர்கள். தந்திரக்காரர், இருபக்கமும் பேசுபவர் என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டியது. வெள்ளையரும் தப்பவில்லை. மதராசில் பணம் சேர்த்துத் தாயகம் திரும்பியவர்களை இங்கிலாந்தில் 'நவாபுகள்' என்று கேலி செய்தார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றி, நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த மதராஸ் ஆங்கிலேயரைக் கடுமையாகச் சாடினார். சித்தூரும் பலமனேரும் அந்த ஆற்காட்டுச் சீமையின் பகுதிகள். பர்க் தம் உரையில் விவரித்த ஹைதர் அலியின் படையெடுப்பு இந்தச் சீமையைத்தான் சூறையாடியது. ஹைதர் 1782 டிசம்பரில் உயிர்விட்டதும் சித்தூர் அருகில்தான்.

இருண்ட மாகாணமும் மிளகுத்தண்ணியும்

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் வேலை பார்ப்பவர் 'கோய் ஹை' (வேலைக்காரனைக் கூப்பிடும் குரல்), பம்பாய்க்காரர் 'டக்', மதராஸ்காரர் 'முல்'. மிளகுத்தண்ணியை ஆங்கிலத்தில் முல்லிகட்டானி என்றதால் வந்த சுருக்கம் அது. 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவற்றைப் பதிவு செய்துள்ளது. மதராஸ் மாகாணத்துக்கு 'இருண்ட மாகாணம்' என்ற பெயரும் வடக்கே பணிபுரிந்த அதிகாரிகளிடையே வழங்கியது. மந்தம், பழமை, வெயில் என்பதே அந்தப் பெயரின் உட்பொருள்.

வெயிலிலிருந்து தப்பவே மதராஸ் வெள்ளையர்கள் பலமனேருக்கு வந்தார்கள். நீலகிரி கோடை வாசத்துக்குத் திறந்துவிடப்படும் முன், குளிர்ச்சியான காற்றுக்காக அவர்கள் நாடிய இடங்களுள் இது ஒன்று. 1820-களில் உதகமண்டலம் வளர்ந்ததும் அந்த மவுசு குறைந்தது. 1860-களில் பெங்களூருக்கு ரயில் பாதை ஜோலார்பேட்டை, குப்பம் வழியாகப் போனதால் பலமனேருக்குச் சாலையே கதி என்றானது.

அதே நேரத்தில் எதிர்த்திசையில் மனிதர்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1876–78 பெரும்பஞ்சத்தில் உள்மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் கஞ்சி தேடி மதராசுக்கு நடந்தார்கள். 'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழி நாட்டுப்புறத்தான் நகரத்தைப் பார்த்த பார்வையைச் சொல்லிவிடுகிறது: மானம் போனாலும் வயிறு நிறையும் இடம் அது. 1901 கணக்கெடுப்பில் மதராசின் மக்கள்தொகை 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வந்தவர்கள் பேச்சில் மொழிகள் கலந்தன. தெலுங்கிலிருந்து நைனா, டப்பு, உருதுவிலிருந்து பேஜார், ஆங்கிலத்திலிருந்து எண்ணற்றவை. இப்படி உருவான மதராஸ் பாஷையை நாடகமும் சினிமாவும் ரிக்‌ஷாக்காரரின் பேச்சாகவும் ரவுடியின் பேச்சாகவும் காட்டிச் சிரிக்க வைத்தன. மறுபக்கம், பட்டணத்துப் பெண் என்றால் திமிர்பிடித்தவள், கிராமத்தான் அவளைத் திருத்துவான் என்ற கதையும் ஓடிக்கொண்டே இருந்தது. 1972-இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' அந்த வகையின் பெருவெற்றி. நகரத்து ஏழையைக் கேலிப்பொருளாகவும் நகரத்துப் பணக்காரரைக் கர்வியாகவும் காட்டும் இந்த இரட்டை வழக்கம், பின்னாளில் மேடைப் பேச்சுக்கும் கருப்பொருள் கொடுத்தது.

மதராஸ் யாருக்கு?

1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் உருவானது. அதுவரை வட ஆற்காட்டின் தலைமையிடமாக இருந்த சித்தூர், பலமனேர், சந்திரகிரி, திருத்தணி முதலிய பகுதிகளுடன் கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவை சேர்க்கப்பட்டன. தமிழும் தெலுங்கும் பின்னிக் கிடந்த மாவட்டம் இது. இரண்டே ஆண்டுகளில், 1913-இல், பாபட்லாவில் முதல் ஆந்திர மாநாடு கூடியது. தெலுங்கருக்குத் தனி மாகாணம் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

கோரிக்கையின் முள் மதராஸ் நகரம்தான். தெலுங்கர் தரப்பின் மனக்குறை, அரசு வேலைகளும் கல்வியும் தமிழர் கையில் இருக்கின்றன என்பது. தமிழரைக் குறிக்கும் 'அரவவாடு' என்ற சொல்லோடு சுயநலம், கணக்குப் பார்க்கும் குணம் ஆகியவை ஒட்டிக்கொண்டன. தமிழர் தரப்பில் தெலுங்கரைக் குறிக்கக் 'கொல்ட்டி' என்ற ஏளனச்சொல் புழங்கியது. ஒரே தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் மேல் இந்தப் பெயர்கள் விழுந்தன.

ஆந்திர கேசரி டி. பிரகாசம் 'மதராஸ் மனதே' (மதராஸ் நமதே) என்ற முழக்கத்தின் முகமாக விளங்கினார். அவர் மதராசில் வழக்கறிஞராக இருந்தவர். 1921-இல் அங்கே 'ஸ்வராஜ்யா' நாளேட்டைத் தொடங்கியவர். 1946–47-இல் மாகாணத்தின் முதன்மை அமைச்சர். மறுபக்கம் ம.பொ. சிவஞானம், 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று முழங்கினார். திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழாருடன் சேர்ந்து வடக்கெல்லைப் போராட்டத்தையும் நடத்தினார். நேரு, வல்லபாய் படேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவர் குழு 1949-இல், மதராஸ் மேல் உள்ள உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டால் ஆந்திரம் அமையலாம் என்று சொன்னது.

1952 அக்டோபர் 19-இல் மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் நீத்தார். தெலுங்கருக்காக உயிர்விட்ட அவர் பிறந்தது மதராஸ் நகரிலேயே. 'அந்நியர்' என்று ஒரு தரப்பு சொன்ன மனிதர் அந்த ஊர்க்காரர் என்பது, இத்தகைய முத்திரைகள் எவ்வளவு பொருந்தாதவை என்பதற்கு வலுவான சான்று. டிசம்பர் 19-இல் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். புதிய அரசு தற்காலிகமாக மதராசிலேயே இயங்கலாம் என்று, மாநில அமைப்பை ஆராய்ந்த நீதிபதி வாஞ்சூவின் அறிக்கை சொன்ன யோசனையை முதல்வர் ராஜாஜி ஏற்கவில்லை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது.

இரு மாநிலங்களின் எல்லைத் தகராறு நடுவர் படாஸ்கரின் தீர்ப்பின்படி முடிந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூரும் பலமனேரும் ஆந்திரத்திலேயே நின்றன. 1996-இல் மதராஸ் நகரம் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனபோது, தமிழ்நாட்டின் தலைநகருக்கு ஒரு தெலுங்கு நாயக்கரின் பெயர் நிலைபெற்றது.

இட்லி சாம்பார், லுங்கி, மதராசி

மதராசில் தெலுங்கர் என்று பார்க்கப்பட்டவர், ஹைதராபாத்துக்குப் போனதும் மதராஸ்காரர் ஆகிவிட்டார். நிஜாம் ஆட்சி 1948-இல் முடிந்தபின், மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தெலுங்கு அலுவலர்களும் ஆசிரியர்களும் அந்நகரில் பணியமர்த்தப்பட்டார்கள். உள்ளூராருக்கு வேலை வேண்டும் என்ற முல்கி கிளர்ச்சி 1952-இல் வெடித்தது. 'முல்கி அல்லாதவரே திரும்பிப் போங்கள்' என்ற கோஷத்துடன் 'இட்லி சாம்பாரே திரும்பிப் போ' என்பதும் எழுந்தது. அந்தச் செப்டம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. உண்மையான வேலைப் பிரச்சினை ஒன்று காலைச் சிற்றுண்டியின் பெயரால் கேலியாக்கப்பட்டதில், வந்தவரின் மொழியும் மறைந்துபோயிற்று.

1956 நவம்பர் 1-இல் தெலங்கானா ஆந்திரத்துடன் இணைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன் நேரு நிஜாமாபாத்தில், இதைக் குறும்புக்காரப் பையனுக்கும் அப்பாவிப் பெண்ணுக்கும் நடக்கும் கல்யாணத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் பிரியலாம் என்று சொன்னதாகத் தெலங்கானா அரசியலில் தலைமுறைகளாக எடுத்துக்காட்டப்படுகிறது. வேடிக்கையாகச் சொன்ன வார்த்தையாக இருந்தாலும், 1969 கிளர்ச்சியிலும் பிறகும் அது பிரிவினைக்குச் சான்றாகவே பயன்பட்டது.

பம்பாயில் நிலைமை இன்னும் கடுமை. பால் தாக்கரே நடத்திய 'மார்மிக்' வார இதழ், அலுவலகங்களில் உள்ள தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19-இல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியரே. லுங்கியைக் கேலி செய்யும் கோஷம் தெருக்களில் ஒலித்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி என்ற வேறுபாடின்றி எல்லோரும் 'மதராசி' ஆனார்கள். வந்தவர்களோ தட்டச்சர், கணக்கர், ஓட்டல் தொழிலாளி, தாராவியின் தோல் பட்டறைக்காரர். நகரத்தின் வேலைகளைச் செய்தவர்களே நகரத்தின் வேலைகளைத் திருடியவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள்.

பேகம்பேட்டை விமான நிலையம், 1982

தலைவர் ஒருவரின் வாய்ச்சொல் ஆட்சியையே மாற்றிய நிகழ்ச்சி ஹைதராபாத்தில் நடந்தது. 1982 பிப்ரவரியில், பிரதமர் இந்திரா காந்தியின் மகனும் அமேதி எம்.பி.யுமான ராஜீவ் காந்தி பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்கினார். அவரை வரவேற்கப் பெருங்கூட்டத்துடன் மேளதாளம் முழங்க வந்திருந்த முதல்வர் டி. அஞ்சையாவை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அஞ்சையா தொழிற்சங்கத்திலிருந்து உயர்ந்த எளிய மனிதர். அந்த மாதமே அவர் பதவி போயிற்று. டெல்லி தன் விருப்பம்போல முதல்வர்களை மாற்றிய காலம் அது: 1978 முதல் 1983 வரை ஆந்திரப் பிரதேசம் நான்கு காங்கிரஸ் முதல்வர்களைக் கண்டது.

சம்பவத்தைத் தெலுங்கு நாளேடுகள், குறிப்பாக 'ஈநாடு', விரிவாக எழுதின. மார்ச் 29-இல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். 'தெலுங்கர் தன்மானம்' என்பதே அவருடைய மைய முழக்கம். வடக்கே தெலுங்கரையும் மதராசி என்றே அழைக்கிறார்கள் என்ற வருத்தத்தை அவர் மேடைதோறும் எடுத்துரைத்தார். அந்த ராமராவோ பல பத்தாண்டுகள் மதராசில் வீடு கட்டி வாழ்ந்தவர், தெலுங்கு சினிமா அங்கே இருந்ததால். முகத்துக்குச் சாயம் பூசுபவருக்கு அரசியல் என்ன தெரியும் என்று எதிரணியினர் ஏளனம் பேசினார்கள். 1983 ஜனவரித் தேர்தலில் 294 இடங்களில் 200-க்கும் மேற்பட்டவற்றை அவர் கட்சி வென்றது. குடிவாடாவிலும், சித்தூர் மாவட்டத்தில் அப்போது இருந்த திருப்பதியிலும் ராமராவ் நின்று இரண்டிலும் வென்றார்.

சாணமும் முள்ளும்

2001-இல் தெலங்கானா ராஷ்ட்ர சமிதியைத் தொடங்கிய கே. சந்திரசேகர ராவ், தனி மாநிலப் போராட்டத்தின்போது கூர்மையான கிண்டலால் கூட்டம் சேர்த்தார். கடலோர ஆந்திரத்திலிருந்தும் ராயலசீமையிலிருந்தும் வந்து ஹைதராபாத்தில் குடியேறியவர்கள் 'செட்லர்கள்' எனப்பட்டார்கள். 'தெலங்கானாக்காரனே விழித்தெழு, ஆந்திரக்காரனே ஓடிப்போ' என்பது போராட்ட முழக்கம். ஆந்திர பிரியாணியைச் சாணத்தோடு ஒப்பிட்டு அவர் பேசியது பெரும் சர்ச்சையானது. சித்தூரிலிருந்து போய் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவரும், கட்டட வேலை செய்தவரும் இந்தப் பேச்சில் ஒரே மூட்டையில் கட்டப்பட்டார்கள்.

2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்து, அவரே முதல்வரானார். அடுத்து வந்தது 2016 பிப்ரவரி ஹைதராபாத் மாநகராட்சித் தேர்தல். நகரத்தில் செட்லர்களின் ஓட்டு பல வட்டங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவில் இருந்தது. சீமாந்திரர் (கடலோர ஆந்திர, ராயலசீமை மக்கள்) காலில் முள் தைத்தால் தன் பல்லால் அதை எடுப்பேன் என்று சந்திரசேகர ராவ் பேசியது இந்தக் கட்டத்தில் எங்கும் எதிரொலித்தது. 150 வட்டங்களில் 99-ஐ அவர் கட்சி பிடித்தது. ஏளனத்துக்கு ஆளானவர்கள் வாக்காளர்களாகக் கணக்கில் வந்தவுடன் மொழி மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

'பெரிய ஊரில் இப்படித்தான்'

நகரத்தைப் பற்றிய மற்றொரு வகை முத்திரை, குற்றம் நடக்கும்போது வெளிவருகிறது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் 160-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல், பெரிய நகரங்களில் இப்படிச் சிறு சம்பவங்கள் நடப்பதுண்டு என்ற பொருளில், பிரபல இந்திப் பட வசனத்தின் சாயலில் பேசினார். கண்டனம் வலுத்து டிசம்பர் 1-இல் பதவி விலகினார். ஆனால் 2009-இல் அதே துறைக்கே திரும்பி வந்தார்.

டெல்லியில் 2008-இல் இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய பெண் பத்திரிகையாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இவ்வளவு சாகசம் கூடாது என்ற பொருளில் முதல்வர் ஷீலா தீட்சித் பேசினார். 2010 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், டெல்லியின் குற்றங்களுக்கு வெளியிலிருந்து வந்து அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வாழ்பவர்களைக் காரணம் காட்டி, எதிர்ப்பு எழுந்ததும் சொன்னதைத் திரும்பப் பெற்றார். பம்பாய்த் தமிழர் மேல் சுமத்தப்பட்ட பழியை, ஒரு தமிழ் அமைச்சர் டெல்லியில் குடியேறியவர்கள் மேல் சுமத்தும் நிலை அது. 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், போராடிய பெண்களை ஒப்பனை பூசியவர்கள் என்று ஏளனம் செய்தார் குடியரசுத் தலைவரின் மகனும் எம்.பி.யுமான அபிஜித் முகர்ஜி. பிறகு மன்னிப்புக் கேட்டார். 2013 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், பாலியல் வன்முறை 'இந்தியா'வில் நடக்கிறது, 'பாரத'த்தில் இல்லை என்று சில்சரில் பேசினார். நகரம் கெட்டது, கிராமம் தூயது என்ற பழைய திரைக்கதையே அரசியல் கருத்தாக மேடையேறியது. கிராமங்களில் தலித் பெண்கள் மீது நடக்கும் வன்முறையை அந்தக் கூற்று கணக்கிலேயே எடுக்கவில்லை.

பெங்களூரு: அருகில் உள்ள நகரம்

பலமனேருக்கு மிக நெருங்கிய பெருநகரம் பெங்களூரு. 2012 ஜூலையில் அங்கே பேசிய சிதம்பரம், தண்ணீர்ப் பாட்டிலுக்கு 15 ரூபாயும் ஐஸ்கிரீமுக்கு 20 ரூபாயும் தரத் தயங்காதவர்கள் அரிசி விலை ஒரு ரூபாய் ஏறினால் பொறுக்கமாட்டார்கள் என்று நகர நடுத்தர வர்க்கத்தை இடித்துரைத்தார். விவசாயிக்கு நல்ல விலை வேண்டும் என்ற வாதம் அதற்குள் இருந்தும், மாதச் சம்பளத்தில் வாழ்பவர்களைக் கேலி செய்ததாகவே அது நாடெங்கும் படிக்கப்பட்டது.

2017 புத்தாண்டு இரவில் பிரிகேட் சாலைப் பகுதியில் பெண்கள் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, கர்நாடக உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா, மேற்கத்தியரைப் போல் உடுத்தும் இளைஞர்களின் போக்கைக் குறை சொன்னார். 2025 ஏப்ரலில், தெருவில் நடந்து சென்ற பெண் ஒருவர் தாக்கப்பட்ட காட்சி வெளியானதும், இவ்வளவு பெரிய நகரத்தில் இப்படி ஆங்காங்கே நடக்கும் என்று அதே பதவியில் இருந்த அவரே பேசி, பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்த வாசகம் ஏறக்குறைய அப்படியே திரும்பியிருந்தது.

2024 மார்ச் 1-இல் பெங்களூருவின் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. அந்த மாதம் 19-இல் மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து பயிற்சி பெற்று வந்தவர்கள் குண்டு வைக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். மதுரையில் வழக்குப் பதிவானது. அவர் தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் தேசிய புலனாய்வு முகமை மேற்கு வங்கத்தில் பிடித்த முக்கியச் சந்தேக நபர்கள் இருவரும் கர்நாடகத்தின் ஷிவமோகா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

தமிழ்நாட்டுத் தலைவர்களும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. 2022 மே மாதம் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்ற வாதத்துக்குப் பதிலாகப் பானிபூரி விற்பவர்கள் யார் என்று கேட்டார். இந்தி பேசும் மாநிலத்தவர் இங்கே கட்டட வேலையும் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலையும் செய்கிறார்கள் என்று தி.மு.க. எம்.பி. தயாநிதி மாறன் முன்பு பேசிய காட்சி 2023 டிசம்பரில் பரவி, பீகாரில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. இட்லி சாம்பார் என்று ஹைதராபாத்தில் கேட்ட ஏளனத்துக்கும் பானிபூரி என்று கோவையில் கேட்ட ஏளனத்துக்கும் இடையே எழுபது ஆண்டு இடைவெளி மட்டுமே வேறுபாடு.

பிற நாடுகளில்

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 1975 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, கடனில் மூழ்கிய நியூயார்க் நகருக்கு உதவ மறுத்துப் பேசினார். நகரத்தைச் செத்துத் தொலையச் சொல்லிவிட்டார் என்ற பொருளில் மறுநாள் 'டெய்லி நியூஸ்' தலைப்பிட்டது. அந்தச் சொற்களை அவர் சொல்லவே இல்லை. ஆனால் 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலத்தையும் பதவியையும் இழந்தார். 2016-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் டெட் குரூஸ், 'நியூயார்க் மதிப்பீடுகள்' என்று எதிராளியைக் குத்திக்காட்டினார். ஏப்ரலில் அங்கே நடந்த கட்சித் தேர்வில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. 2004-இல் போரிஸ் ஜான்சன் ஆசிரியராக இருந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழ், லிவர்பூல் மக்கள் துயரத்தில் திளைப்பவர்கள் என்று எழுதியது. கட்சித் தலைமையின் கட்டளைப்படி அவர் லிவர்பூலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். 2019-இல் பிரிட்டன் பிரதமரும் ஆனார்.

வரலாறு காட்டும் பாங்கு

இந்நிகழ்ச்சிகளில் மூன்று வகைகள் தெரிகின்றன. முதலாவது, நகரத்துக்கு வந்தவரை உணவாலும் உடையாலும் மொழியாலும் அடையாளமிட்டு அந்நியராக்குவது. வேலைவாய்ப்பு குறையும் காலங்களிலும் மாநில எல்லைகள் மாறும் காலங்களிலும் இது ஓங்குகிறது. இரண்டாவது, குற்றத்தை நகரத்தின் இயல்பாக்கி, பாதுகாக்கும் பொறுப்பிலிருந்து நழுவுவது. இதைப் பேசியவர்களில் பெரும்பாலோர் காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர்கள் அல்லது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. மூன்றாவது, நகரம் சொகுசு, கிராமம் உண்மை என்ற எதிர்நிலை. பெரும்பாலான தொகுதிகள் கிராமத்தில் இருந்தவரை இதற்கு அரசியல் லாபம் இருந்தது.

பின்விளைவுகள் ஒரே மாதிரி இல்லை. எதிர்த்தரப்பில் ஒரு கட்சி உருவாகி, நாளேடும் துணைநின்ற இடத்தில், அஞ்சையா விவகாரம் போல, ஆட்சியே மாறியது. மற்ற இடங்களில் சொன்னதை மறுத்தல், திரித்துவிட்டார்கள் எனல், வருத்தம், மன்னிப்பு என்ற வரிசையில் சில நாள்களில் அடங்கியது. பதவி இழந்தவர்களும் திரும்பி வந்தார்கள். முத்திரைக்கு ஆளானவர்கள்தாம் அவ்வளவு எளிதில் மீளவில்லை.

2022 ஏப்ரல் 4-இல் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது; பலமனேர் சித்தூரிலேயே தொடர்ந்து, தனி வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமானது. நிர்வாக எல்லைகள் இப்படி எத்தனை முறை மாறினாலும், பிழைப்புக்காக நகரம் ஏறுபவர்களின் ஓட்டம் மாறுவதில்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை ஆகிய எந்த நகரமும் தன் பூர்வகுடிகளால் மட்டும் வளர்ந்ததல்ல. ஆகவே பெருநகரத்தாரைப் பற்றி மேடையில் உதிர்க்கும் ஏளனம், சொல்பவரின் சொந்த மாவட்டத்திலிருந்தே போய் அங்கே உழைப்பவர் மேல்தான் கடைசியில் விழுகிறது.